வியர்வைப் பரிசோதனை ‘பார்டர்லைன்’ என்று வந்த குழந்தை: மதுரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு இரண்டரை வயதில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பிறவி நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். இப்போது அவனுக்கு 9 வயது. இருக்கிறது என்று இன்றுவரை எவரும் எழுதித் தரவில்லை. இல்லை என்றும் எழுதித் தரவில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து இதே நிலையில் இருக்கும் தாய்மார்கள் யார் யாரிடமோ என் எண்ணை வாங்கி அழைக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளை தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான் என்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. ஏழு ஆண்டுகளாக மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்து வைத்தவள்.

பார்டர்லைன் என்றால் நோய் இருக்கிறதா, இல்லையா?

ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்றொரு மரபணு இருக்கிறது. 1989-இல் கண்டுபிடித்தார்கள். உயிரணுக்களின் சுவரில் உப்பு போய்வரும் வாசல் ஒன்றை அமைப்பது அதன் வேலை. வாசல் திறக்காவிட்டால் நுரையீரலில் சளி இறுகும், கணையக் குழாய்கள் அடைபடும், வியர்வையில் போகும் உப்பை உடல் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாமல் போகும். கடைசியாகச் சொன்னதுதான் அளப்பதற்கு எளிது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 60 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் என்று கொள்கிறார்கள். 30 முதல் 59 வரை இருந்தால் அதுதான் பார்டர்லைன், நம் பிள்ளைகள்.

வாசல் முழுவதும் மூடிக் கிடக்கவில்லை, முழுவதும் திறக்கவும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அறிக்கை தெளிவாக வராததால் மருத்துவர் மழுப்புகிறார் என்று நான் முதலில் கோபப்பட்டேன். உண்மையில் ‘முடிவு சொல்ல இயலாத நிலை’ என்பதற்கே உலகெங்கும் வரையறை இருக்கிறது, அதற்கென்று கண்காணிப்பு முறையும் இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். மேலை நாடுகள் பலவற்றில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கிறார்கள். அங்கே பார்டர்லைன் என்று சொல்லப்படும் குழந்தைகள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை கிடையாது. நம் பிள்ளைகள் இருமிக்கொண்டோ, எடை ஏறாமலோ மருத்துவரிடம் போய்த்தான் இந்த எண்ணை வாங்கி வருகிறார்கள். ஆகவே வெளிநாட்டுத் தாய் ஒருத்தி எழுதும் ஆறுதலையோ அச்சத்தையோ அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம்.

ஒரு தடவை எடுத்த வியர்வைப் பரிசோதனை போதுமா?

போதாது. இதை நான் அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் முதல் அறிக்கையில் 62 என்று இருந்தது. ‘அறுபதைத் தாண்டிவிட்டது, நோய் உறுதி’ என்றார்கள். மூன்று வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரிய காரியம். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆய்வகம் அளந்தது குளோரைடை அல்ல, வியர்வையின் மின்கடத்தும் திறனை. அந்த அளவு குளோரைடைவிட ஏறத்தாழ 15 கூடுதலாகக் காட்டும். முதற்கட்ட வடிகட்டலுக்கு அது உதவும். அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. அறிக்கையில் அலகுக்குப் பக்கத்தில் ‘குளோரைடு’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

அதன் பிறகு இரவு பஸ் பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனோம். ஊசி கிடையாது என்று சொன்னதும் மகன் கையை நீட்டினான். முன்கையில் பைலோகார்பின் மருந்து தோய்ந்த இரண்டு வட்டுகளை வைத்து ஐந்து நிமிடம் மிக மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். பிறகு, கைக்கடிகாரம் போன்ற ஒரு பிளாஸ்டிக் வட்டை அங்கே கட்டிவிட்டார்கள். அதற்குள் நூல்போல் ஒரு குழாய் சுருண்டு கிடக்கிறது. தொடக்கத்தில் ஒரு பொட்டு நீலச் சாயம். வியர்வை ஊற ஊற அந்த நீலம் சுருளில் ஒவ்வொரு வட்டமாக நகர்ந்தது. அரை மணி நேரம் நானும் அவனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அம்மா, பாம்பு ஊருது’ என்றான். முடிவு 44 என்று வந்தது.

சேரும் வியர்வை போதவில்லை என்றால் அது பார்டர்லைன் ஆகாது. பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள், இன்னொரு நாள் எடுக்க வேண்டும். உடல் மிக மெலிந்திருந்தாலோ, நீர் வற்றியிருந்தாலோ, கையில் கரப்பான் புண் இருந்தாலோ எண் பொய்யாக ஏறக்கூடும். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருக்கும் வாரத்தில் தேதி வாங்காதீர்கள்.

மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம்தான் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் பிள்ளை வெறும் கடத்தி மட்டும்தானா?

இருக்கலாம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவர் கடத்தி; பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். ஆனால் எந்தச் சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். சில சோதனைகள் குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டுமே தேடும், அந்தப் பட்டியல்கள் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் மாற்றங்களை வைத்துத் தயாரானவை. எஃப்508டெல் என்ற மாற்றம் அங்கே மிகப் பெரும்பான்மை. நம் நாட்டில் அதன் பங்கு அதைவிடக் குறைவு, அரிய மாற்றங்கள் அதிகம். பட்டியலில் இல்லாததைச் சோதனை கண்டுபிடிக்காது. முழு மரபணுவையும் படிக்கும் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

என் மகனுக்கு நோய் தரும் மாற்றம் ஒன்றும், ‘பொருள் தெளிவாகவில்லை’ என்ற வகையில் ஒன்றும் இருக்கின்றன. அப்போது எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். இரண்டு மாற்றங்களும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் பிள்ளைக்கு நல்ல பிரதி ஒன்று மிச்சம் இருக்கும். ஆளுக்கு ஒன்றாக வந்திருந்தால் கணக்கு வேறு. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. இன்று பொருள் தெரியாத மாற்றத்துக்கு நாளை பொருள் தெரியக்கூடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறிக்கையை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் இப்படியா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெண்களின் குரல் தாழ்ந்துவிடும். நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான், அதனால் தயங்காமல் சொல்கிறேன். சொந்தத்தில் மணந்தால் இருவருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ ஒரே பழுது வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அது உண்மை, மறைத்துப் பயனில்லை. ஆனால் எந்த உறவும் இல்லாத இருவரும் கடத்திகளாக இருப்பது உண்டு. உலகில் இந்நோய் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் உறவினர் அல்லர். எங்களுக்கே வந்த இரண்டு மாற்றங்களும் வேறு வேறு. அதாவது, எங்கள் பொதுப் பாட்டனாரை இதில் குற்றம் சொல்ல வழியில்லை.

மருமகள் வீட்டு ரத்தம் என்று பேசும் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: இந்நோய் வருவதற்குத் தாயும் தந்தையும் சரிபாதி தர வேண்டும். இதில் ஒரு தரப்பு என்பதே கிடையாது.

அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போய்விடுங்கள். பெற்றோர் இருவரும் நோய் தரும் மாற்றத்தின் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்று.

சித்திரை, வைகாசி வெயிலை எப்படிக் கடப்பது?

நம் ஊருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். 1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தது. வெப்பம் தாங்காமல் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953-இல் எழுதினார். வியர்வைப் பரிசோதனையே ஒரு கோடையிலிருந்து பிறந்தது. கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் நாம் இருக்கிறோம்.

பார்டர்லைன் பிள்ளைகள் எல்லோரும் அந்த அளவு உப்பை இழப்பதில்லை. ஆனாலும் கவனியுங்கள். என் மகன் விளையாடிவிட்டு வந்தால் நீலச் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடு வரைபடம்போல் வளைந்து கிடக்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். நெற்றியில் முத்தமிட்ட என் மாமியார்தான் முதன்முதலில், ‘பிள்ளை மேல் உப்புக் கரிக்கிறதே’ என்றார். அப்போது நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

வீட்டில் செய்வது இதுதான்: காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பதினோரு மணிக்கு நீர்மோர், வெளியே போனால் ஓ.ஆர்.எஸ். கரைசல். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு; 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் விற்கிறார்கள், உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுப்பதும் சரியல்ல. உப்பு இல்லாத தண்ணீர் ரத்தத்தில் இருக்கும் உப்பை மேலும் நீர்த்துப் போகச் செய்யும். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், பிள்ளை சந்தோஷப்படும், ஆனால் அதை உப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் உங்கள் கை அளவில் எதையும் பாலில் கலக்க வேண்டாம். எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

நான்கு வயதில் ஒரு வைகாசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தோம். மறுநாள் இரண்டு முறை வாந்தி, சாப்பாடு வேண்டாம் என்றான், பகலில் தூங்கிக்கொண்டே இருந்தான். வெயில் அயர்வு என்றுதான் நாங்களும் நினைத்தோம். இரவு மருத்துவமனையில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றுமே குறைந்திருந்தன. குளுக்கோஸ் பாட்டிலோடு உப்பும் ஏற்றி இரண்டு நாளில் தேறினான். வெயில் காலத்தில் வாந்தியும் துவண்ட தூக்கமும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். பணியில் இருக்கும் மருத்துவரிடம், ‘வியர்வைப் பரிசோதனை பார்டர்லைன், ரத்தத்தில் உப்புகளைப் பார்க்க வேண்டும்’ என்று இந்த வாக்கியத்தையே சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிக்கிறது. எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டியும் விடாத, கரகரவென்று சளி புரளும் இருமல். வறட்டு இருமலைவிட இதுதான் முக்கியம். மருந்துக்கடையில் கேட்டு சிரப் வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். சளியையோ, சிறு பிள்ளையானால் தொண்டையில் துடைத்தெடுத்த மாதிரியையோ கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். அது குடியேறுமுன் பிடித்தால் மருந்தால் விரட்ட முடிகிறது.

நம் பக்கத்தில் நீண்ட நாள் இருமல் என்றாலே காசநோய் நினைவுக்கு வரும். அந்தச் சோதனையைச் செய்வதும் சரிதான். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காமலே மருந்து தொடங்கி, அது முடிந்த பிறகும் இருமல் நிற்கவில்லை என்றால் வியர்வைப் பரிசோதனை அறிக்கையை எடுத்து மேசையில் வையுங்கள். விரல் நுனி உருண்டு வீங்குவது, மூக்கில் சதை வளர்வது ஆகியவற்றையும் சொல்ல மறக்காதீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா? என்சைம் மாத்திரை வேண்டுமா?

பத்தியம் கிடையாது. பார்டர்லைன் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கணையம் ஒழுங்காக வேலை செய்யும், மாத்திரை தேவைப்படாது. கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற பொருளை மலத்தில் அளந்து தெரிந்துகொள்ளலாம். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நிம்மதி. தண்ணீராகப் போகும் நாளில் எடுத்தால் பொய்யாகக் குறையும். மலம் எண்ணெய்ப் பசையோடு, வழக்கத்துக்கு மீறிய நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டினால் சொல்லுங்கள். எடையும் உயரமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டில் ஏறட்டும்.

ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்க்கக் கூட்டிப்போகலாமா? பொங்கலுக்குக் கிராமத்துக்கு?

போங்கள். நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் போகிறோம். தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. வைகையில் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் குதித்து விளையாடுவதும் அதை விழுங்குவதும் வேண்டாம். சூடோமோனாஸ் விரும்பும் இடம் அது. நீர்மோர்ப் பந்தலில் உப்பு கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கிராமத்தில் நான் பயப்படுவது வைக்கோல் போருக்கும் எருக்குழிக்கும்தான். நனைந்து மக்கிய வைக்கோலை உதறும்போது பறக்கும் தூசியில் ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை இருக்கும். இந்த நுரையீரலுக்கு அது ஆகாது. மாட்டைத் தொடட்டும், தடவிக் கொடுக்கட்டும், வைக்கோல் பிடுங்கிப் போடும் வேலையை மட்டும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். போகிப் புகையிலிருந்தும் தீபாவளி வெடிப் புகையிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. என் மாமனார் முப்பது ஆண்டுப் பழக்கத்தைப் பேரனுக்காக விட்டார். அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் தீப்பெட்டியைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா?

வகுப்பாசிரியரிடம் மூன்றே செய்திகளைச் சொல்லுங்கள்: கேட்கும்போது தண்ணீர் பாட்டிலைத் தொட விட வேண்டும், இந்தக் குறையால் வரும் இருமல் மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாது, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்க வேண்டாம். ஓடுவதும் மூச்சு வாங்குவதும் சளியை மேலே கொண்டுவருகின்றன. மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடவிடுகிறேன். அதுதான் எங்கள் பிசியோதெரபி.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பரிசோதனை?

எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் குழந்தை மருத்துவர், ஆண்டுக்கு ஒருமுறை வேலூர். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும், நிமோனியாத் தடுப்பூசியும் உண்டு. ஆறு வயதுக்குப் பிறகு ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை சேர்ந்துகொண்டது. வருகை நாளில் ஒரு எச்சரிக்கை: நோய் உறுதியான குழந்தைகளோடு ஒரே காத்திருப்பு அறையில் உட்கார வேண்டாம். நோய் ஒட்டாது என்றாலும், அவர்கள் நுரையீரலில் உள்ள கிருமிகள் இதே பழுதுள்ள இன்னொரு பிள்ளைக்குத் தாவும். அது ஒதுக்குவதாகாது; அவர்களையும் நம்மையும் சேர்த்துக் காப்பது.

நடுவில் இரண்டாண்டு நன்றாக இருந்தான். ‘பிள்ளை கல்லுப்போல இருக்கிறான், எதற்கு வீண் அலைச்சல்’ என்றார்கள் வீட்டில். நானும் ஓர் ஆண்டு போகவில்லை. அந்த ஆண்டைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. பார்டர்லைன் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு நோய் உறுதியாகிறது. நன்றாக இருக்கும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் மாறியது தெரியும். சுகமில்லாத நாட்களில் ஓடுவது எல்லோரும் செய்வது. சுகமாக இருக்கும் நாளில் டிக்கெட் போடுவதுதான் நமக்கு வைத்தியம்.

புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவாமே?

பழுதான வாசலையே திறக்க உதவும் மருந்துகள் 2012 முதல் வந்துகொண்டிருக்கின்றன. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு பலரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. விலை மிக அதிகம். குறிப்பிட்ட மரபணு மாற்றங்களுக்கு மட்டுமே பலன் தரும். நோய் உறுதியாகாத, அறிகுறி குறைந்த பிள்ளைக்கு அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. மரபணு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள், அது போதும்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? பிள்ளையிடம்?

‘பாதி நோய்’ என்ற சொல்லை வீட்டில் புழங்க விடாதீர்கள். ஒரு மருத்துவமனையில் உதவியாளர் ஒருவர் அப்படிச் சொல்ல, அது எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. என் நாத்தனார் தன் பிள்ளையை விளையாட அனுப்பவே யோசித்தார். நான் அவரை உட்கார வைத்து, இது ஒட்டாது, பிறவியிலேயே உப்பு வாசல் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்றேன். இப்போது அவர்தான் நீர்மோர் கரைத்துக் கொடுக்கிறார்.

பிள்ளையிடம் ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டேன். ‘உன் வியர்வையில் உப்பு கூடப் போகிறது, அதனால் கூடச் சாப்பிட வேண்டும்.’ வகுப்பில் மாங்காய் தின்னும்போது உப்புப் பொட்டலம் அவனிடம்தான் இருக்குமாம்.

இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த மரபணு மாற்றமுள்ள ஆண்களில் சிலருக்கு விந்து வரும் குழாய் பிறவியிலேயே உருவாகியிருக்காது. நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கும் இது நேரலாம். ஆண்மைக்குக் குறைவில்லை, மருத்துவ உதவியோடு தந்தையாகவும் முடியும். ஆனால் திருமணமாகி ஆண்டுகள் கழிந்து, மனைவியைக் குற்றம் சொல்லி, பிறகு தெரியவரக் கூடாது. பதினெட்டு வயதுக்குள் மருத்துவரை வைத்துக்கொண்டு அவனிடம் சொல்ல வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்து, ஃபைலின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம்.